கயிற்றில் நிற்கும் கப்பல்

(பாய்மரக் கப்பல் மாதிரிகள் செய்வோரின் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்துக்குப் போய் 'விக்டரி' கப்பலைப் பார்த்து வந்தவர்கள் யாராவது இங்கே இருக்கலாம். 1759-இல் சாத்தம் துறையில் ஏரா வைத்து, 1765-இல் தண்ணீரில் இறக்கிய கப்பல் அது. 1805-இல் டிரஃபால்கர் போரில் கடற்படைத் தளபதி நெல்சன் அதன் தளத்தில்தான் குண்டடி பட்டார். 1922-லிருந்து உலர்துறையில் நிற்கிறது. படங்களில் நாம் பார்த்த விக்டரிக்கு மூன்று பாய்மரங்கள் உண்டு. நடுமரம் நீர்மட்டத்திலிருந்து 205 அடி உயரம். ஆனால் பல ஆண்டுகளாக அங்கே போகிறவர்கள் அந்தக் காட்சியைப் பார்ப்பதில்லை. மேல்மரங்கள், பாயைத் தாங்கும் குறுக்கு மரங்களான பருமல்கள், அவற்றின் கயிறுகள் எல்லாவற்றையும் 2011-இல் இறக்கிவிட்டார்கள். 2021-இல் நடுமரத்தின் அடிமரத்தையும் பாரந்தூக்கியால் தூக்கி எடுத்தார்கள். வயதான உடலைப் பழுதுபார்க்கும் வேலை இன்னும் நடக்கிறது.

அந்தக் கப்பலில் சுமார் 42 கிலோமீட்டர் கயிறு இருந்தது. அது எப்படி ஓடியது, எந்த முனை எந்த முளையில் கட்டப்பட்டது என்று இன்று முழுதாக ஒரே பார்வையில் காண வேண்டுமென்றால் மாதிரிக் கப்பலைத்தான் பார்க்க வேண்டும். அதனால்தான் இன்று மரவேலையைத் தொடாமல், கயிற்று வேலையைப் பற்றி மட்டும் பேச வந்திருக்கிறேன். பலகை ஒட்டுவதில் பொறுமையாக இருக்கும் நம்மவர்கள் பலர், கயிறு கட்டும் கட்டம் வந்ததும் அவசரப்படுகிறார்கள். பெட்டியோடு வந்த நூலை எடுத்து, வரைபடத்தில் கோடு போகும் வழியே கட்டி, ஒரு சொட்டுப் பசை விட்டு முடித்துவிடுகிறார்கள். உடல் அழகாக இருக்கிறது. மேலே ஒட்டடை தொங்குகிறது. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

ஒரு பாய்மரத்தைத் தாங்குவது எது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். மரம் தளத்தைத் துளைத்து அடிவரை போகிறது, உண்மைதான். ஆனால் காற்று நிறைந்த பாய் இழுக்கும்போது அந்த ஊன்றல் மட்டும் போதாது. மொட்டைமாடியில் ஆன்டெனா கம்பத்தை மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டியிருப்பார்களே, அந்த ஏற்பாடுதான் இங்கேயும். மரத்தலையிலிருந்து முன்னோக்கி இறங்கும் பெருங்கயிறு ஸ்டே. இரண்டு பக்கமும், சற்றுப் பின்னோக்கியும், விரிந்து இறங்குபவை ஷ்ரவுட்கள். இவை அசையாத நிலைக்கயிறுகள். பருமலை மேலே ஏற்றும் ஆஞ்சான், பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் தாமான், பருமலைக் காற்றுக்கேற்பத் திருப்பும் பிரேஸ் ஆகியவை கப்பிகளின் வழியே ஓடும் ஓடுகயிறுகள். நிலைக்கயிற்றுக்குத் தார் பூசியிருப்பார்கள், அதனால் கருமை. ஓடுகயிறு சணல் நிறத்திலேயே வெளிறி இருக்கும். மாதிரியில் இந்த இரண்டு நிறமும் கலந்துவிட்டால், பார்ப்பவருக்குக் கப்பல் எப்படி வேலை செய்தது என்பதே தெரியாமல் போகும். நிலைக்கயிற்றுக்குக் கன்னங்கரேலென்ற கறுப்பைவிட, ஆழ்ந்த பழுப்பையே நான் சிபாரிசு செய்வேன். சிறு அளவில் சுத்தக் கறுப்பு எடுப்பாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

இனி, மரத்தலையில் கயிறு ஏறும் வரிசை. இதை நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் வரைபடங்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. முதலில் ஏறுவது பாரம் தூக்க உதவும் தொங்குகயிறுகள். அதற்கு மேல் ஷ்ரவுட்கள், இரண்டிரண்டாக. ஒரே கயிற்றை நடுவில் மடித்து, மடிப்பில் ஒரு கண்ணி கட்டி, மரத்தலையில் மாட்டினால் இரண்டு கால்களும் ஒரே பக்கத்தில் இறங்கும். வலப்பக்கத்தின் முன்ஜோடி முதலில். அதன்மேல் இடப்பக்கத்தின் முன்ஜோடி. மறுபடி வலம், மறுபடி இடம். ஒற்றைப்படையாக ஒன்று மிஞ்சினால் அது கடைசியில் தனியாக ஏறும். இவை எல்லாவற்றுக்கும் மேலே ஸ்டேயின் கண்ணி உட்காரும். இந்த வரிசைப்படி மாட்டினால் மரத்தலையில் கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, ஒரு பக்கம் சாயாமல் நிற்கும். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கம் போனால் மரம் அப்போதே சாய்ந்துவிடும். பிறகு இழுத்து நேராக்க முயன்றால் வளையும். நிஜக் கப்பலில் வேலை செய்தவர்கள் இதே காரணத்துக்காகத்தான் மாற்றி மாற்றி ஏற்றினார்கள். ஒவ்வொரு விதிக்கும் பின்னால் இப்படி ஒரு காரணம் இருக்கிறது. காரணம் புரிந்துவிட்டால் விதியை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

கயிற்றின் பருமனுக்கு வருகிறேன். டேவிட் ஸ்டீல் 1794-இல் வெளியிட்ட கயிற்று வேலை நூலிலும், அந்தக் காலத்து மற்ற அட்டவணைகளிலும் '18 அங்குலக் கயிறு' என்று போட்டிருந்தால் அது சுற்றளவு. குறுக்களவு என்று நினைத்துக்கொண்டு நூல் வாங்கினால் மூன்று மடங்கு தடித்துவிடும். 18 அங்குலச் சுற்றளவுக்குக் குறுக்களவு ஆறு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, ஏறத்தாழ 145 மில்லிமீட்டர். 72-இல் ஒரு பங்கு அளவில் செய்யும் மாதிரியில் அது 2 மில்லிமீட்டர். மூன்று அங்குலக் கயிறு அதே மாதிரியில் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். அதாவது ஒரே கப்பலில் நமக்குப் பத்துப் பன்னிரண்டு வெவ்வேறு பருமன்களில் நூல் தேவைப்படும். பெட்டியில் மூன்றோ நான்கோதான் வரும். மாதிரி உயிரற்றுத் தெரிவதற்கு முதல் காரணம் இதுவே.

அதனால் கயிற்றை நாமே திரிப்பதுதான் வழி. சாத்தம் துறையில் 1618-லிருந்து கயிறு திரிக்கிறார்கள், இப்போதும் திரிக்கிறார்கள். அங்கே இருக்கும் கயிற்றுச் சாலை சுமார் 346 மீட்டர் நீளமான ஒரே கட்டடம். கயிறு எவ்வளவு நீளமோ அதைவிட நீளமாக இழைகளை விரித்தாக வேண்டும் என்பதால் அந்த நீளம். நமக்கு ஒரு மேசை போதும். ஒரு முனையில் பல்சக்கரத்தோடு இணைந்த மூன்று கொக்கிகள், மறுமுனையில் சுழலும் ஒரே கொக்கி, நடுவில் மூன்று பள்ளம் வெட்டிய கூம்புக் கட்டை. மூன்று கொக்கிகளும் இழைகளுக்கு முறுக்கேற்ற, கூம்பு மெல்ல நகர, அதன் பின்னால் கயிறு உருவாகும். முறுக்கு ஏற ஏற நீளம் கால் பங்குக்குமேல் குறையும். அதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கப்பலின் சாதாரண மூவிழைக் கயிறு வலமுறுக்கு. அப்படிப்பட்ட மூன்று கயிறுகளை மறுபடி சேர்த்துத் திரித்த பெருங்கயிறு இடமுறுக்கு. கடையில் கிடைக்கும் தையல் நூலும் பெரும்பாலும் வலமுறுக்குதான். அதை மூன்றாகச் சேர்த்துத் திரித்தால் இடமுறுக்குக் கயிறே வரும். ஆகவே பெரிய ஸ்டேக்கும் ஷ்ரவுட்டுக்கும் தையல் நூல் அப்படியே பொருந்தும். ஓடுகயிற்றுக்கு எதிர்முறுக்கு நூலைத் தேட வேண்டும். இவ்வளவு நுணுக்கம் யார் கண்ணுக்குத் தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு. பக்கத்தில் வந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும். மாதிரிக் கப்பல் பக்கத்தில் வந்து பார்ப்பதற்காகவே செய்யப்படுவது.

நூல் எது என்பதில் நீண்ட காலமாகவே விவாதம் இருக்கிறது. லினன் நூல் நன்றாகப் படியும், ஆனால் சீரான தரத்தில் கிடைப்பது அரிதாகிவிட்டது. பருத்திக்குப் பிசிறு உண்டு. பருத்தியும் லினனும் காற்றின் ஈரத்துக்கேற்ப இறுகித் தளரும். கடலோர ஊர்களில் வசிக்கும் நமக்கு இது சின்ன விஷயமில்லை. மழைக்காலத்தில் இறுகிய ஸ்டே மெல்லிய மேல்மரத்தை வளைத்துவிடும். பாலியெஸ்டர் நூல் அப்படி மாறாது, பிசிறும் இல்லை. நல்ல மங்கலான நிறத்தில் கிடைத்தால் இன்றைக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் முடிவு. எந்த நூலானாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள். தூசி படிந்த கயிற்றைச் சுத்தம் செய்ய வழியே இல்லை.

இப்போது ஓர் இடத்தை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஷ்ரவுட்டின் கீழ்முனையில் டெட்-ஐ என்ற வட்டக் கட்டை கட்டப்பட்டிருக்கும். மூன்று துளை, சுற்றிலும் ஒரு பள்ளம். அதற்கு நேர் கீழே கப்பலின் பக்கவாட்டில் இதே போல் இன்னொரு கட்டை, இரும்புப் பட்டையால் உடலோடு பிணைக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே சிறுகயிறு ஒன்று மேலும் கீழுமாக ஆறு துளைகளிலும் ஏறி இறங்கும். அந்தச் சிறுகயிற்றை இறுக்கினால் ஷ்ரவுட் இறுகும். மரத்தின் முழு விறைப்பும் இந்த இடத்தில்தான் சரிசெய்யப்படுகிறது. மாதிரியில் இந்தக் கட்டை 4 மில்லிமீட்டர் இருக்கலாம். மேல்கட்டைகள் எல்லாம் ஒரே வரியில் நிற்க வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் கண் உடனே பிடித்துவிடும். இதற்கு ஒரு துண்டுப் பித்தளைக் கம்பியின் இரு முனையையும் மடக்கி, கீழ்க்கட்டையின் துளையில் ஒன்றும் மேல்கட்டையின் துளையில் ஒன்றுமாக மாட்டிக்கொண்டால் இடைவெளி மாறாது. அந்த நிலையில் ஷ்ரவுட்டைக் கட்டையைச் சுற்றிக் கொண்டுவந்து, இழைநூலால் மூன்று இடத்தில் வரிந்து கட்டுங்கள். பிறகு கம்பியை எடுத்துவிட்டுச் சிறுகயிற்றைக் கோத்துவிடுங்கள். ஆனால் உடனே பசை வைக்காதீர்கள். எதிர்ப்பக்கமும் ஸ்டேயும் முடிந்து, மரம் முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் நேராக இருப்பதைப் பார்த்த பிறகே முனையைக் கட்ட வேண்டும். அதுவரை எல்லாம் அவிழ்க்கக்கூடியதாக இருக்கட்டும்.

பசையைப் பற்றி ஒரு வார்த்தை. உடனடியாக ஒட்டும் சூப்பர்பசையை நூல்முனையை ஊசிபோல் விறைப்பாக்குவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்; விறைத்த முனையைச் சாய்வாக வெட்டினால் கப்பித் துளையில் வழுவழுவென்று நுழையும். முடிச்சில் அதை வைத்தால் நூல் கறுத்து மினுங்கும், நொறுங்கவும் செய்யும். முடிச்சுக்கு நீர்த்த வெள்ளைப் பசை அல்லது அரக்கைச் சாராயத்தில் கரைத்த ஷெல்லாக் போதும். ஷெல்லாக் வைத்த முடிச்சை, சாராயம் தொட்ட தூரிகையால் மறுபடி இளக்கலாம். நூறாண்டு கழித்து இதைப் பழுதுபார்க்கப் போகும் யாரோ ஒருவர் நமக்கு நன்றி சொல்வார்.

ஷ்ரவுட்களுக்குக் குறுக்கே ஏணிப்படி போல் கட்டும் ராட்லின்தான் பலரையும் களைக்க வைப்பது. மாலுமி கால் வைத்து ஏறும் படி அது. ஒன்றுக்கொன்று 13 முதல் 15 அங்குல இடைவெளி, மாதிரியில் 5 மில்லிமீட்டர் அளவில் வரும். கயிற்றை இருமுறை சுற்றித் தன்னடியிலேயே சொருகும் முடிச்சு ஒவ்வொரு ஷ்ரவுட்டிலும் போட வேண்டும். பத்து ஷ்ரவுட், முப்பது படி என்றால் ஒரு பக்கத்துக்கே முந்நூறு முடிச்சு. பின்னால் கோடு போட்ட தாளை நிறுத்திக்கொண்டு, நடுவிலிருந்து இருபுறமும் கட்டிக்கொண்டு போங்கள். படி சற்றே தொய்வாக இருக்கட்டும். இறுக்கினால் ஓரத்து ஷ்ரவுட்கள் உள்நோக்கி இழுபட்டு, உடுக்கை போல் இடை சிறுத்துவிடும். ஒருநாளில் கொஞ்சமாகக் கட்டுங்கள். கை சோர்ந்த பின் கட்டிய படிகள் தனியாகத் தெரியும்.

போர்க்கப்பலுக்கே உரிய ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. எதிரிக் கப்பலின் உடலைத் துளைப்பதைவிட, கயிற்றை அறுத்துக் கப்பலை நிறுத்துவதைக் குறியாக வைத்துச் சுடுவதும் அன்றைய போர்முறை. இரண்டு குண்டுகளைச் சங்கிலியாலோ கம்பியாலோ பிணைத்துச் சுட்டது இதற்காகத்தான். ஆகவே ஸ்டேக்குத் துணையாக இன்னொரு ஸ்டே இருக்கும். இரண்டுக்கும் நடுவே மெல்லிய கயிறு ஒன்றைக் குறுக்கும் நெடுக்குமாக, பாம்பு வளைவதுபோல் கட்டிப் பிணைப்பார்கள். ஒன்று அறுந்தாலும் அது தளத்தில் விழாமல் மற்றதில் தொங்கி நிற்கும், மரமும் நிற்கும். டிரஃபால்கரில் விக்டரியின் சுக்கான் சக்கரமே குண்டில் சிதறியது, பின்மரத்தின் மேல்மரம் முறிந்தது. அன்று அதன் முன்மரத்தில் விரித்திருந்த பெரிய மேற்பாய் இன்றும் போர்ட்ஸ்மவுத்தில் பாதுகாக்கப்படுகிறது. அதில் சுமார் 90 ஓட்டைகள் இருக்கின்றன. அந்தப் பாம்புக் கயிற்றை மாதிரியில் கட்டும்போது, அது எந்த நாளுக்காகக் கட்டப்பட்டது என்பது நினைவில் இருக்க வேண்டும். ஒவ்வொரு மரத்துக்கும் ஆக முன்னால் இருக்கும் ஷ்ரவுட்டை மட்டும் மேலிருந்து கீழ்வரை மெல்லிழை சுற்றி மூடியிருப்பதையும் கவனியுங்கள். பாயும் பருமலும் உரசுவது அதில்தான்.

ஓடுகயிறுகள் எண்ணிக்கையில் அதிகம், ஆனால் சொல்ல வேண்டியது குறைவு. கப்பிகளைப் பருமல் மேசைமேல் இருக்கும்போதே கட்டிவிடுங்கள், மரத்தில் ஏற்றிய பிறகு கை நுழையாது. நடுவிலிருந்து வெளியே, கீழிருந்து மேலே என்று போங்கள். முளையில் கயிற்றை எட்டு போட்டுக் கட்டி, மிச்சக் கயிற்றுச் சுருளைத் தனியாகச் செய்து மாட்டுங்கள். சுருள் பாரத்தால் தொங்குவதுபோல் கீழே நீண்டு விழ வேண்டும். பெட்டிக் கப்பிகள் பெரும்பாலும் அளவுக்கு மீறிப் பெரியவை, மூலைகளை அரத்தால் தேய்த்து உருட்டுங்கள். பாய் விரிப்பதா வேண்டாமா என்பதற்கு என் பதில்: துணிப்பாய் அந்தச் சிறு அளவில் தடிப்பாகத் தெரிந்து, நாம் கட்டிய கயிறுகளையும் மறைத்துவிடும். வெறும் பருமல்களோடு விடுவதே நல்லது.

கயிறுதான் ஒரு கப்பலில் முதலில் அழிவது. 1628-இல் ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலேயே மூழ்கி 1961-இல் தூக்கப்பட்ட 'வாசா' கப்பலின் உடல் வியக்கத்தக்க முழுமையோடு கிடைத்தது. கட்டைகளும் கப்பிகளும் கிடைத்தன, சுருட்டி வைத்திருந்த ஆறு பாய்கள்கூடக் கிடைத்தன. ஆனால் அது பாய் விரித்து எப்படி நின்றது என்பதை அருங்காட்சியகத்தில் காட்டுவது, கப்பலின் முன்னால் நிற்கும் பத்தில் ஒரு பங்கு மாதிரிதான். அமெரிக்காவின் அனாபலிஸ் கடற்படைக் கல்லூரி அருங்காட்சியகத்தில் 1701-ஐச் சேர்ந்த 'செயின்ட் ஜார்ஜ்' மாதிரி இருக்கிறது. அதன் கயிறுகள் பெரும்பாலும் அதைச் செய்த காலத்தவை என்பதால் ஆராய்ச்சியாளர்கள் அதை ஓர் ஆவணமாகவே மதிக்கிறார்கள். பெயர் தெரியாத ஒரு கைவினைஞர் முந்நூறு ஆண்டுக்கு முன் ஒழுங்காகக் கட்டிய முடிச்சு இன்று சாட்சி சொல்கிறது. லாங்ரிட்ஜ் என்பவர் 48-இல் ஒரு பங்கு அளவில் விக்டரியைக் கட்டி, 1955-இல் அதைப் பற்றி எழுதிய புத்தகத்தை இன்றும் மாதிரி செய்வோர் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள்.

இங்கே நம்மைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பல் 'அன்னபூரணி'. அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதை வாங்கி, 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயர் மாற்றினார். அது 1938-இல் அட்லாண்டிக்கைக் கடந்து மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. தூத்துக்குடித் தோணிகள் இயந்திரம் பொருத்தப்படுமுன் பாயை மட்டுமே நம்பிக் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போய் வந்தன. விக்டரியின் ஒவ்வொரு கயிற்றுக்கும் சுற்றளவு எழுதிய அட்டவணை உலகெங்கும் கிடைக்கிறது. நம் தோணியின் ஆஞ்சான் எத்தனை கப்பி வழியாகப் போனது, தாமான் எந்த முளையில் கட்டப்பட்டது, காற்று மாறும்போது எதை முதலில் இளக்கினார்கள் என்பதைச் சொல்லத் தெரிந்தவர்கள் இன்று முதியவர்கள். பாயில் ஓடிய கடைசித் தலைமுறை அவர்கள்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். விக்டரி கட்டுங்கள், 'கட்டி சார்க்' கப்பலைக் கட்டுங்கள். கயிற்று வேலையைக் கற்க அவற்றைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. கை பழகியதும் தூத்துக்குடிக்கோ வல்வெட்டித்துறைக்கோ போங்கள். பாய்த்தோணியில் போன ஒரு பெரியவரைத் தேடி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லும் பெயரோடும் அளவோடும் ஒவ்வொரு கயிற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் கையாலேயே முடிச்சைப் போடச் சொல்லிப் படம் எடுங்கள். பிறகு ஒரு தோணியைக் கட்டி, அந்தக் கயிறுகளை அவர் சொன்னபடியே கட்டி, அவரிடம் கொண்டுபோய்க் காட்டித் திருத்தம் கேளுங்கள். இந்த வேலையை இந்த ஆண்டே தொடங்க வேண்டும். வர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.